கோழிக்குச் சொன்ன பாடம்

"நர்ஸம்மா, அந்த வீடு மட்டும் வேண்டாம். வேற எங்க வேணும்னாலும் வர்றேன்" என்றாள் நைகாகா.

"தேர்வுல வீட்டை நான்தான் சொல்லணும்" என்றாள் அகெல்லோ. புசோகா கிராமங்களில் சுகாதாரத் தொண்டர்களுக்குப் பயிற்சி தர தலைநகர் கம்பாலாவிலிருந்து வந்திருக்கும் இளம் நர்ஸ் அவள். "ஏன், அந்த ஆளு அடிக்க வருவாரா?"

"சேச்சே, தங்கமான மனுஷன். ஆனா, காரணம் என்னன்னா..."

"காரணமெல்லாம் அப்புறம். இங்க தேறினாத்தான் நீங்க தொண்டர். இல்லேன்னா வேற ஆளைப் பார்ப்போம்."

நைகாகாவின் முகம் வாடியது. பின்னால் நடந்தாள்.

வாழைத்தோப்பைத் தாண்டியதும் வைஸ்வாவின் வீடு. முற்றத்தில் கோழிக் கூண்டு. அதைச் சுற்றிப் புத்தம் புதுக் கொசுவலை. மாசமாக இருக்கும் அவன் மனைவிக்கு மருத்துவமனையில் கொடுத்த வலை அது.

இவர்களைப் பார்த்ததும் ஆறடி உயர வைஸ்வா கூண்டுக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். "அவ சந்தைக்குப் போயிருக்கா, நர்ஸம்மா" என்று மட்டும் குரல் வந்தது.

திரும்பிப் பார்த்தால் நைகாகாவையும் காணோம். பலா மரத்துக்குப் பின்னால் முக்காடு போட்டு நின்றாள்.

"என்னம்மா இது? வகுப்புல கூரை பறக்கப் பேசுவீங்களே! முகத்தைப் பார்த்துப் பேசணும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

நைகாகா தொண்டையைச் செருமினாள்.

"ஏ கோழி! உனக்கென்னடி ராசாத்தி, வலைக்குள்ள சுகமா தூங்குறே. இந்த வீட்டுல வயித்துப் புள்ளையோட ஒருத்தி கொசுக்கடியில கிடக்குறாளே, தெரியுமா உனக்கு?"

அகெல்லோ தலையில் கை வைத்துக்கொண்டாள்.

கூண்டுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. "கோழி, மரத்தடியில நிக்கிறவங்ககிட்ட சொல்லு. வலையை எடுத்தா உன் குஞ்சுகளைப் பருந்து தூக்கிட்டுப் போயிடும்னு."

"பருந்துக்கு நாலு முள்ளுச் செடி வெட்டிப் போட்டாப் போதும், கோழி. கொசுவுக்கு முள்ளு குத்துமா? மலேரியா வந்தா தாய்க்கும் ஆபத்து, வயித்துல இருக்கிறதுக்கும் ஆபத்து. போன குஞ்சுக்கு நீ வேற குஞ்சு பொரிச்சிடுவே. போன உசிரை யாரு பொரிப்பா?"



வைஸ்வா எழுந்தான். குனிந்த தலை நிமிராமல் வலையை அவிழ்த்து, தூசி தட்டி, வீட்டுக்குள் கொண்டுபோனான். உள்ளே ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது.

அகெல்லோ மரத்தடிக்கு ஓடி வந்தாள்.

"போன வாரம் நேருக்கு நேரா உட்கார்ந்து தொண்டை வறளப் பேசினேன், அசையலை மனுஷன்! நீங்க தேறிட்டீங்க. இனிமே எல்லாத் தொண்டர்களுக்கும் இதைத்தான் சொல்லித்தரப் போறேன். எங்க கத்துக்கிட்டீங்கம்மா இந்த வித்தையை?"

"வித்தையும் இல்ல, ஒண்ணும் இல்ல, நர்ஸம்மா" என்றாள் நைகாகா, முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டபடி. "உள்ள ஆணி அடிக்கிறவர் என் மக புருஷன். எங்க ஊர்ல மாமியார் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது."