முக்கால் இஞ்சு

கணவனின் இடது கையில் இஞ்சு டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்வையாளர்களுக்குக் காலையில் பதினைந்து நிமிடம்தான். மற்றவர்கள் அழுவார்கள். திருநீறு பூசுவார்கள். இவள் தினமும் அளவெடுத்தாள்.

மந்திரித்த கயிறு கட்டுகிறாள் என்று நினைத்து நர்ஸ் அதட்டினாள். இஞ்சு டேப் என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்சம் அதட்டினாள்.

டாக்டர் வந்தார். சட்டைக்கா, ஜாக்கெட்டுக்கா என்று கேட்டார். நக்கல்தான்.

சண்முகவடிவு பாளையங்கோட்டையில் தையல் கடை வைத்திருப்பவள். நக்கலெல்லாம் அவளுக்குப் பழக்கம்.

"முக்கால் இஞ்சு எறங்கிட்டு சார். ஆறு நாள்ல."

அவர் எடைக் குறிப்பைக் காட்டினார். நிமோனியா, செயற்கை சுவாசம், நினைவில்லை. ஆனாலும் அவள் கணவன் மாசிலாமணிக்கு நாலு கிலோ கூடியிருந்தது.

நீர் கோத்த எடை என்று டாக்டருக்கும் தெரியும். அதற்கு அடியில் எவ்வளவு சதை போயிற்று என்பதுதான் தெரியாது.

அவள் கணவனின் கையைச் சுற்றிலும் விரல்களால் மெல்ல அழுத்தினாள். நீர் விலகிப் பள்ளம் விழும்வரை பொறுத்திருந்தாள். பிறகு அந்தப் பள்ளத்தில் டேப்பைச் சுற்றினாள்.

துணிக்கு மேலே அளவெடுத்தால் உடம்பின் அளவு வராது என்றாள்.

அவரும் அழுத்திப் பார்த்தார்.

வெட்கமாக இருந்தது.

ஆறு நாள் குறிப்பையும் உட்கார்ந்து படித்தார். மூக்குக் குழாய் வழியே போகவேண்டிய சத்துணவை ஸ்கேனுக்காக நிறுத்தியிருந்தார்கள். குழாய் மாற்ற நிறுத்தியிருந்தார்கள். நிறுத்தியதைத் திரும்பத் தொடங்க மறந்திருந்தார்கள். பாதிதான் உள்ளே போயிருந்தது. மீதிக்கு அந்த உடம்பு தன் சதையையே உருக்கிக்கொண்டிருந்தது.

விட்டுப்போனதை அன்றன்றே ஈடுகட்ட வேண்டும் என்று உத்தரவு போட்டார். சதையைக் கட்டுகிற அமினோ அமிலங்களின் அளவு பார்க்க இரத்தத்தைச் சென்னைக்கு அனுப்பினார்.

முடிவு வர நாலு நாளாயிற்று.

இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. பெரிய இயந்திரம் சொல்லியதை, அவள் நாலு நாள் முன்பே ஒரு டேப்பால் சொல்லிவிட்டாள். அவருக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

ஆனால் இந்த அளவுக்கு இறங்கியவர்களைப் பற்றி அவர் படித்திருக்கிறார். வீடு திரும்பியவர்கள் குறைவு.

தாளோடு கட்டிலருகே போனார்.

அவள் அளந்துகொண்டிருந்தாள். ஒருமுறை. மறுபடி ஒருமுறை. நேற்றைய அளவேதான். இறங்கவில்லை.

டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். முகத்தில் பெரிய மகிழ்ச்சி எதுவும் இல்லை.

"வீட்டுக்குப் போறப்ப போட்டுக்க அவுகளுக்குச் சட்டை தச்சிருக்கேன் சார். இப்ப உள்ள அளவுக்குத்தான். உள்ள ரெண்டு இஞ்சு துணி விட்டிருக்கேன். சதை போட்டா பிரிச்சு விட்டுக்கிடலாம்."

அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். தைத்து முடிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டார்.

பொத்தானுக்குக் காஜா எடுப்பதுதான் பாக்கி என்றாள்.

பிறகு, கடைக்கு வருகிற யாரிடமும் கேட்பதுபோலக் கேட்டாள்.

"என்னைக்கு வேணும் சார்?"