இரவல் இடக்கை

பிளஸ் டூ இயற்பியல் தேர்வு. புரோட்டானைக் காந்தம் எந்தப் பக்கம் தள்ளும் என்ற கேள்விக்கு, இடக்கை விதிப்படி விடை காண, அறை முழுக்க இடக்கைகள் மூன்று விரல் விரித்துத் திருகிக்கொண்டிருந்தன. பர்வீனின் இடக்கை மட்டும் மாவுக்கட்டுக்குள் கிடந்தது. வலக்கையை விரித்ததும் எல்லாம் குழம்பிப்போய்க் கண் கலங்கிவிட்டது.

மேற்பார்வைக்கு வந்த தமிழாசிரியை குணசுந்தரி குனிந்து, "என்னம்மா வேணும்?" என்றார்.

"இடது கை, மிஸ்."

"எனக்கு இதுல ஒரு மண்ணும் தெரியாது. கையை வேணா வச்சுக்கோ."

பர்வீன் மிஸ் நீட்டிய இடக்கையின் சுட்டுவிரலைக் காந்தப்புலம் போகும் வடக்கே நீட்டினாள். நடுவிரலைப் புரோட்டான் போகும் கிழக்கே திருப்பினாள். தள்ளும் பக்கத்தைக் காட்டும் கட்டைவிரல் தானாக மேலே நிமிர்ந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

குணசுந்தரி நிமிர்ந்த கட்டைவிரலை மடக்க மறந்தபடியே நடந்தார். அவர் கடந்துபோன வரிசைகளில் தலைகள் ஒவ்வொன்றாகக் குனிந்து எழுதத் தொடங்கின.