ஜன்னலுக்குக் கீழே ரயில்

"அந்த பிளாட்டில எனக்கு நித்திரை வராது. நான் கையெழுத்துப் போட மாட்டன்."

ஸவாஹிர் பேனாவை மூடி மேசையில் வைத்தான். கொட்டாஞ்சேனை உதைபந்தாட்டக் கழகத்தின் செயலாளர் சவுந்தரநாயகம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, விளங்கக் கதையும். நித்திரையா?"

"ஓம் சேர். சனிக்கிழமை போய்ப் பார்த்தனான். ஜன்னலுக்குக் கீழயே ரயில் ஓடுது. வெள்ளவத்தை எண்டு பெரிசாச் சொன்னீங்க."

ஏற்பாடு எளிமையானது. கோல் அடிக்க ஆளில்லாத கொட்டாஞ்சேனைக்கு மன்னார்க் கழகத்தின் ஸவாஹிர். அவனுக்கு மாற்றாக மன்னாருக்குத் தடுப்பாட்டக்காரன் ரொஷான். ரொஷான் குடியிருக்கும் கழகத்து பிளாட்டும் இனி ஸவாஹிருக்கே. இருவரும் ஒப்பமிட்டால் மட்டுமே மாற்றம் செல்லும். ஒருவன் மறுத்தாலும் இருவரும் இருந்த இடத்திலேயே. பதிவுக்கு அன்று மாலை ஐந்து மணி கடைசி.

மேசையின் மறுபக்கம் இருந்த ரொஷான் காலையிலேயே ஒப்பமிட்டிருந்தான். மறுக்கும் உரிமை அவனுக்கும் உண்டு. ஆனால் மறுத்தவனின் ஒப்பந்தத்தை எந்தக் கழகமும் விரும்பிப் புதுப்பிப்பதில்லை. அந்த பிளாட்டில் அவனோடு இருக்கும் தாய் மேபலுக்கு வாரத்தில் மூன்று நாள் களுபோவில ஆஸ்பத்திரியில் இரத்தச் சுத்திகரிப்பு. அவன் மன்னாருக்குப் போய்விட்டால் அது எப்படி நடக்கும் என்று அவனுக்கே தெரியாது. இரக்கம் கேட்டு விளையாட விரும்பாததால், கழகத்தில் ஒருவரிடமும் அதைச் சொல்லவில்லை.

"கொழும்பில விளையாடினாத்தான் தேசிய அணிக்கு எடுக்கிற ஆக்கள் உம்மைக் காணுவினம். வயசு இருபத்தேழு. இன்னொரு தரம் கூப்பிட மாட்டம்," என்றார் சவுந்தரநாயகம்.

"தெரியும் சேர்."

"மெத்தையும் போட்டுத் தாலாட்டும் பாடணும் போல," என்றார் பயிற்சியாளர் தாஸிம்.

அறையே சிரித்தது. ஸவாஹிரும் சேர்ந்து சிரித்தான்.

செயலாளர் படிவத்தைக் கிழித்தார். "ரொஷான், கேட்ட உடனே நீர் கையெழுத்துப் போட்டனீர். அதை மறக்க மாட்டம். அடுத்த வருஷமும் நீர் இங்கதான்."

வீட்டுக்கு வந்த ரொஷான் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"தப்பிட்டம் அம்மா. அந்த மன்னார்க்காரனுக்கு ரயில் சத்தத்தில நித்திரை வராதாம். திமிர் பிடிச்சவன். அவன்ட திமிருக்காக அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தோணும்."

மேபல் நிமிர்ந்து பார்த்தார்.

"சனிக்கிழமை வந்த உயரமான பிள்ளையா? ராத்திரி பஸ்ஸில வந்தவனாம். நீ பிராக்டிஸுக்குப் போயிருந்தாய். சுவரில கிளினிக் கார்டைக் கண்டுட்டு, 'ரொஷான் மன்னாருக்கு வந்தா உங்கள ஆர் கூட்டிக்கொண்டு போறது, அன்ரி?' எண்டு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? தேத்தண்ணி ஊத்தப் போனன். திரும்பி வந்தா, அந்தக் கதிரையிலேயே நல்ல நித்திரை. நாலு ரயில் போச்சு மகன். பிள்ளை அசையவே இல்லை."