மொட்டைமாடிக்கு வெள்ளை

மொட்டைமாடியில் ரேணுகா சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தாள். உதிராமல் ஒட்டட்டும் என்று சோறு வடித்த கஞ்சியையும் அதில் கலந்திருந்தாள்.

"இந்த அம்பத்தூர் வெயில்ல இன்னாத்துக்கு உனக்கு இந்த வேல?" என்று வாளியை இறக்கினான் கணவன் தேவராஜ்.

"ஏசி வாங்கவா முடியுது? வெள்ள அடிச்சா ஊட்டுக்குள்ள அனல் எறங்காது. நீ கலக்கு."

மறுநாள் மதியம், மாடி வீட்டுக் கவிப்பிரியா கைக்குழந்தையோடு கீழே இறங்கி வந்து அவர்கள் கதவைத் தட்டினாள்.

"இன்னிக்குத்தான்க்கா கொழந்த அழாம தூங்குச்சி," என்றவளுக்குக் கண் கலங்கியது.

அவள் போனதும், கீழ்வீட்டுப் புழுக்கத்தில் விசிறிக்கொண்டே தேவராஜ் கேட்டான்: "தண்ணி மோட்டார் சண்டைலேர்ந்து அவ மூஞ்சியக்கூடப் பாக்க மாட்டியே. இப்ப அவ ஊடு ஜில்லுன்னு கீது, நாம வெந்துகினு கீறோம்!"

"சண்ட அவகூடத்தான். புள்ள இன்னா பண்ணுச்சி?"