மூன்றாவது ஹெட்போன்

"இது ரெண்டு காதையும் நல்லா கவ்விக்கும்ணே. வெளியில இடி விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிக்கொண்டே கடைக்காரர் ஹெட்போனைப் பட்டறைக்காரரின் தலையில் மாட்டிவிட்டார்.

பட்டறைக்காரருக்கு ஒரு முதலாளியிடம் நசுங்கிய கார்த் தகரங்களைத் தட்டி நிமிர்த்துகிற வேலை. பகலெல்லாம் சுத்தியல் சத்தத்தில் கிடப்பவர், சாயங்காலம் கைகால் கழுவினால் போய் உட்காருகிற இடம் ரேடியோப் பெட்டிதான்.

பாட்டும் செய்தியும் கேட்கிற ரேடியோ இல்லை அது. வீட்டிலேயே சொந்தமாக ரேடியோ நிலையம் வைத்துக்கொண்டு கடல் தாண்டிப் பேசிக்கொள்கிறார்களே, அந்த ஆட்களின் பேச்சைப் பிடிக்கிற பெட்டி. பேசுவதற்கு லைசென்ஸ் வேண்டும். இவர் கேட்பதோடு சரி.

அதில் ஒரு பெரியவர் வருவார். எங்கோ ஒரு தீவுக்காரர். இரைச்சலுக்கு அடியிலிருந்து, தண்ணீருக்குள் நின்று பேசுகிற மாதிரி, தன் தீவில் இன்றைக்கு மழையா வெயிலா என்று சொல்லுவார். பாதி புரியும், பாதி புரியாது. அந்தக் குரல் காதில் விழுந்துவிட்டால் பட்டறைக்காரருக்கு அன்றைய உடம்பு வலி பாதி இறங்கிவிடும்.

கொஞ்ச காலமாக அந்தக் குரல் பிடிபடவே இல்லை.

வானம் சரியில்லை என்றார். மொட்டைமாடி ஏறி ஏரியல் கம்பியை இன்னும் உயர்த்திக் கட்டினார். அதற்கும் மசியாததால் பழியைச் சூரியன் மேல் போட்டார். சூரியனில் ஏதாவது கோளாறு என்றால் தூரத்துக் குரல்கள் தேய்ந்து போகும் என்று ரேடியோ ஆட்கள் சொல்லிக் கேட்டிருக்கிறார். கடைசியில், பெட்டியோடு வந்த சின்ன ஸ்பீக்கரின் சத்தத்தைத் திருகு ஓடுகிற மட்டும் ஓட்டி வைத்தார்.

"யாரோ கிணத்துல விழுந்து கத்துற மாதிரி இருக்கு. பக்கத்து வீட்டுப் புள்ள தூங்க மாட்டேங்குது. ஹெட்போன் வாங்கியே ஆகணும், நானும் கூட வர்றேன்" என்று ஒற்றைக்காலில் நின்றவள் மனைவி. இன்றைக்கு அரை நாள் லீவு போட வைத்து இழுத்து வந்தவளும் அவள்தான்.

கடைக்காரர் கடையிலிருந்த ரேடியோவில் செருகித் திருகினார்.

வலது காதில் இரைச்சல் கொட்டியது. இடது காதில் ஒன்றுமில்லை.

"தம்பி, இது ஒரு பக்கம் பேசல."

இன்னொன்று வந்தது. அதுவும் அப்படியே.

"நனைஞ்ச சரக்கையெல்லாம் என் தலையில கட்டப் பாக்குறீங்க" என்று பட்டறைக்காரர் சிரித்தார். கடைக்காரரும் சிரித்துக்கொண்டே, ஒட்டுக் கிழிக்காத பெட்டி ஒன்றை அவர் கண் முன்னாலேயே பிரித்து மூன்றாவதை எடுத்தார்.

மூன்றாவதும் இடது பக்கம் ஊமை.

கடைக்காரர் அதை வாங்கித் தன் தலையில் மாட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் கணீர்னு பேசுதேண்ணே."

பட்டறைக்காரர் மறுபடி வாங்கினார். இந்த முறை மாற்றி மாட்டினார், இடதுக்கு உரியதை வலது காதில்.

ஊமை என்று சொன்ன பக்கம் நன்றாகவே பேசியது.

அவருக்குச் சுத்தியல் பிடிக்கிற கை வலது. தகரத்தின் வளைவைக் கண்ணால் மட்டம் பார்க்க முகத்தைச் சாய்ப்பார். சாய்த்தால் தகரத்தை ஒட்டி நிற்பது இடது காது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான்.

கை தானாகப் போய் இடது காதைத் தொட்டுப் பார்த்தது.

போன வருஷம் பட்டறையில் காரைத் தூக்கி நிறுத்தியிருந்த ஜாக்கி சறுக்கியபோது, "விலகு" என்று எல்லோரும் கத்தியும் கூட வேலை பார்த்த பெயின்டர் காதில் விழவில்லை. அடி ஒன்றும் படவில்லை. ஆனாலும் காது கேட்காத ஆள் பட்டறைக்கு ஆகாது என்று முதலாளி அவரை மறுநாளே வீட்டில் உட்கார வைத்துவிட்டார்.

பட்டறைக்காரர் ஹெட்போனைக் கழற்றி மெதுவாக மேசை மேல் வைத்தார்.

"காது வேர்த்துக் கொட்டுது தம்பி. நல்ல ஸ்பீக்கராவே பாத்துரலாம்."

ஸ்பீக்கர் ஒரு காதைப் பார்த்துப் பேசாது. எந்தக் காதில் விழுந்தது என்று அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளை யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

மனைவியைத் திரும்பிப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. ஹெட்போனுக்காக அத்தனை சண்டை போட்டவள். இப்போது பிடி பிடியென்று பிடித்துக்கொண்டால் என்ன சொல்வது?

அவள் மூன்று ஹெட்போன்களையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"ஸ்பீக்கரே குடுங்க தம்பி. அந்தத் தீவுக்காரர் அப்படி என்னதான் பேசுறார்னு நானும் கேக்குறேன்" என்றாள்.

கடைக்காரர் அவசரமாக மூன்றையும் பெட்டிக்குள் திணித்தார். மனசு மாறிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

தெருவில் இறங்கியதும்தான் பட்டறைக்காரருக்கு மூச்சே வந்தது. ஸ்பீக்கர் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் நிற்கிற பக்கமாக வேகவேகமாக நடந்தார். தப்பித்தாயிற்று. யாருக்கும் தெரியாது.

அவருடைய இடது பக்கம் வந்துகொண்டிருந்த மனைவி, பின்பக்கமாகச் சுற்றி வலது பக்கத்துக்கு வந்தாள். வந்து, அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்திவிட்டுப் பேசினாள்.

"பஸ்ஸை அப்புறம் பிடிக்கலாங்க. அடுத்த தெருவுல காது டாக்டர் இருக்காரு. பட்டறையில யார்கிட்டயும் நான் மூச்சு விடல. காலையிலயே வந்து டோக்கன் போட்டுட்டேன்."