ஒற்றைக் குச்சி

ரோஜாப் பாத்தியின் நட்ட நடுவில் மறுபடியும் அந்தக் குச்சி நின்றது. முழ நீளம், பெருவிரல் தண்டி, பேருக்குக்கூட ஓர் இலை கிடையாது. முதல் நாள் பார்த்தபோது, புது வீட்டைப் பார்த்து வயிறெரிந்த யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று பயந்துபோய், பாக்கியலட்சுமி வாசலில் கற்பூரம் கொளுத்தினாள்.

அவள் புருஷன் தனசேகரனுக்கு அந்தச் சந்தேகமே வரவில்லை. பார்த்த மாத்திரத்தில் மரவள்ளிக் குச்சி என்று தெரிந்துவிட்டது. நட்டது வேறு யாருமில்லை, அவனைப் பெற்ற தாய் மங்களம்தான்.

ஆசை ஆசையாகப் போட்ட தோட்டம் அது. கம்பெனியில் அவனைக் குமாஸ்தாக்களுக்குத் தலைவனாக, பெரிய கிராணியாக உயர்த்தி, ஊருக்கு வெளியே பாசிர் பாஞ்சாங்கில் முன்னால் கொஞ்சம் நிலம் விட்ட வீடும் கொடுத்திருந்தார்கள். மழைக்காலம் முடிந்த கையோடு தோட்டக்காரர் முத்துசாமியைக் கூட்டிவந்து மண்ணைக் கொத்தி, எரு போட்டு, புல் பதித்து, ரோஜாவும் கல்வாழையும் வைத்தாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கம்பெனியின் வெள்ளைக்காரத் துரையும் துரைசாணியும் தேநீருக்கு வருவதாக இருந்தது. துரைசாணிக்குத் தோட்டமென்றால் உயிர் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. அப்பேர்ப்பட்ட அம்மாள் வந்து இறங்கியதும் இந்த மொட்டைக் குச்சியையா பார்க்க வேண்டும்?

தனசேகரன் தினமும் பிடுங்கி எறிந்தான். மறுநாள் விடிந்தால் பழைய குருடி கதவைத் திறடிதான். வேலிக்கு அந்தப் பக்கம் மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பத்தில் மரவள்ளிக்கா பஞ்சம்? ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டால் மங்களத்தின் வாயில் கொழுக்கட்டை.

இந்தப் பழக்கம் இன்று நேற்று வந்ததும் அல்ல. சிராங்கூன் ரோட்டில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் குடியிருந்தபோதே, பின்படிக்கட்டில் பிஸ்கட் டின் நிறைய மண் போட்டு ஒரு குச்சி ஊன்றியிருப்பாள். விரல் மொத்தத்தில் விட்ட கிழங்கையும் வீணாக்க மாட்டாள். அவித்து, இலைத் துண்டில் வைத்து, காக்காய் வந்து எடுக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். தான் மட்டும் ஒரு விள்ளல் வாயில் வைத்ததில்லை.

ஜப்பான்காரன் காலத்துப் பட்டினிதான் அம்மாவை இப்படி ஆக்கிவிட்டது என்று தனசேகரன் முடிவு கட்டியிருந்தான். அப்பாவைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை. தம்பி மாணிக்கம் மூன்று வயதில் காய்ச்சலில் போய்விட்டான். அரிசியைக் கண்ணால் காணாத நாள்களில் மரவள்ளிதான் சோறு. ஏழு வயதில் பார்த்தது அவனுக்குப் பாதிதான் ஞாபகம். அந்தப் பயம் அம்மாவை இன்னும் விடவில்லை, வேறென்ன?

முத்துசாமிக்கு மட்டும் அது சரியாகப் படவில்லை. மண்வெட்டியைச் சாய்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“பசிக்குப் பயந்தவங்க வரிசையா நடுவாங்க கிராணியாரே. அம்மா என்னமோ ஒண்ணே ஒண்ணுதான் நடுறாங்க.”

தனசேகரன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாகக் கழிய வேண்டுமே என்பதுதான் அவன் கவலை.

சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் விட்டு வந்தவனுக்குத் தலை சுற்றியது. அலைந்து திரிந்து வாங்கி வைத்த மஞ்சள் ரோஜாவைப் பெயர்த்து வேலியோரம் நட்டிருந்தது. வெயிலில் அது துவண்டு கிடந்தது. அது இருந்த இடத்தில் குச்சி. எரு போட்டு இளக்கிய மண்ணை அதன் அடியில் அணைத்தபடி மங்களம் உட்கார்ந்திருந்தாள்.

வந்த ஆத்திரத்தில் அவன் குச்சியைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்துப் போட்டான். என் மானத்தை வாங்கவென்றே கூட இருக்கிறாயா என்று கத்தினான். ஜொகூரில் மாமா வீடு இருக்கிறது, பஸ் ஏற்றிவிடுகிறேன், அங்கே போய் ஏக்கர் கணக்கில் நட்டுக்கொள் என்றான். பெற்றவளைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது? சொன்ன வாய் மூடுமுன் அவனுக்கே அது தெரிந்தது. ஆனாலும் கொட்டிய வார்த்தையை அள்ள முடியுமா?

மங்களம் உள்ளே போய் இரண்டு சேலைகளைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள். போக வேண்டாம் அத்தை என்று பாக்கியலட்சுமி கையைப் பிடித்து அழுதும் கேட்கவில்லை. வாசல் வரை போனவள் திரும்பி வந்து, ஒடிந்த துண்டில் ஒன்றைக் குனிந்து எடுத்தாள். முந்தானையால் மண்ணைத் துடைத்து அதையும் பையில் வைத்தாள்.

அதைப் பார்த்ததும் தனசேகரனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“பஞ்சம் போய் இருவது வருஷம் ஆச்சும்மா. வீட்டுல மூட்டை அரிசி கெடக்கு. இன்னும் யாருக்காக இத நடுற?”

“மாணிக்கத்துக்கு.”

“காய்ச்சல்ல போனவனுக்குக் கெழங்கு எதுக்கும்மா?”

மங்களம் மகனின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். சாகும்வரை இவனிடம் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள்.

“காய்ச்சல்னு உன்கிட்ட நான்தான்பா சொன்னேன். அன்னைக்கு வீட்டுல ஒரே ஒரு கெழங்குதான் இருந்துச்சு. அத உனக்குக் குடுத்துட்டேன்.”