நான்காம் அறைப் படம்

வேனில் முன்சீட்டில் சபாபதி. அவருக்குப் பின்னால் மனைவி விருத்தாம்பாள், மகன் ஸ்ரீதர். கடைசி சீட்டில் மருமகள் வினோதினி, பக்கத்தில் புளிச்சோற்றுத் தூக்குச்சட்டி. சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு, மியூசியமாக மாறிவிட்ட பழைய ஜெயிலைப் பார்க்கப் போனார்கள்.

நான்காம் அறையில் ஓர் இளைஞனின் படம். அதற்குச் சந்தன மாலை, கீழே விளக்கு.

"மொழிப்போராட்டத்துல இந்த அறையில இருந்தவரு. வர்ற வெள்ளிக்கிழமை நினைவஞ்சலி, அன்னதானமும் உண்டு" என்றார் வழிகாட்டி.

"மொதல்ல அந்த மாலையக் கழட்டுங்க!" கத்தினாள் விருத்தாம்பாள்.

"தியாகிக்குச் செய்யிற மரியாதைம்மா. எதுவா இருந்தாலும் ஆபீசுக்கு எழுதிக் குடுங்க."

"விடு விருத்தா, பொருத்தமாத்தான் இருக்குது" என்று சிரித்தார் சபாபதி.

"சிரிப்பா இருக்குதா உங்களுக்கு? அது எறங்குற வரைக்கும் எனக்குச் சோறு எறங்காது."

வினோதினி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள்.

வீட்டுக்கு வந்ததும் சபாபதி, பள்ளிக்கூடத்தில் பழகியபடி மார்ஜின் விட்டு எழுதினார்.

"பொருள்: மாலையை அகற்றக் கோருதல்.

ஐயா, நான்காம் அறைப் படத்திலுள்ள மாலையை வெள்ளிக்கிழமைக்குள் அகற்றும்படி வேண்டுகிறேன். படம் இருக்கட்டும், நன்றாக இருக்கிறது. அன்னதானத்தை நிறுத்த வேண்டாம். நேரில் வந்து சாப்பிடுவேன்.

இப்படிக்கு,
படத்தில் உள்ள சபாபதி."

விருத்தாம்பாள் கடிதத்தை உறையிலிட்டு ஒட்டினாள். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவினாள்.

"ஸ்பீடு போஸ்ட்டுல போடுடா!" என்று ஸ்ரீதரைத் துரத்தினாள்.